கொல்லை அடுப்புக்குப் புகைப்போக்கி வைக்கலாமா?

நாகூரில் என் அக்காளின் வீடு பழைய ஓட்டு வீடு. தெருவாசல் மேற்கே, கொல்லை கிழக்கே, கடல் பக்கமாக. வாசற்படியில் நின்று பார்த்தால் ரேழி, முற்றம், கூடம் எல்லாவற்றையும் தாண்டிக் கொல்லைக் கிணறு வரை கண்ணுக்குத் தெரியும். அன்றாடச் சமையல் எரிவாயு அடுப்பில்தான். ஆனாலும் கொல்லைத் தாழ்வாரத்தில் ஒரு மண்ணடுப்பு இருக்கிறது. குளிக்க வெந்நீர், நெல் அவித்தல், பண்டிகை நாளில் பெரிய சமையல் ஆகியவை அதில் நடக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரை கடந்தபோது, அடுத்த சில நாட்கள் அந்த வீட்டுக்குச் சோறு போட்டதும் அந்த அடுப்புத்தான். ஆகவே அதை இடித்துவிடலாம் என்று யார் சொன்னாலும் அக்காளின் மாமியார் ஒப்புக்கொள்வதில்லை.

சென்ற வைகாசியில் நான் அங்கே போயிருந்தபோது வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அக்காள் மகளுக்கு வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். பிள்ளை பிறந்த பிறகு நாள்தோறும் தாய்க்கும் பிள்ளைக்கும் அண்டா அண்டாவாக வெந்நீர் வேண்டும். அவளுக்கு ஒதுக்கிய அறையின் சன்னலோ, கொல்லைத் தாழ்வாரத்தை நோக்கித்தான் திறக்கிறது. இந்த நேரத்தில் ஒரு கொத்தனார் வந்து, பழைய அடுப்புக்குள் இரும்புக் கிராதி ஒன்றைப் பதித்து, பின்புறம் ஓட்டை போட்டு, ஓட்டுக்கு மேலே குழாய் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "புகையெல்லாம் போயிடும், விறகு பாதி மிச்சம், மெனக்கெட்டு சிலிண்டர் வாங்கவே வேண்டாம்" என்பது அவர் வாக்கு. அத்தான் பாதி சம்மதித்துவிட்டார். கொல்லையில் தென்னை மட்டையும் பாளையும் சும்மா கிடக்கின்றன அல்லவா?

"தம்பி, நீங்க காலேஜில பாடம் நடத்துறவரு. கொழா வெச்சா வெறகு கொறையுமா, கொறையாதா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார் மாமியார்.

கேள்வி சிறியது. ஆனால் கொத்தனார் சொன்னவை மூன்று தனித்தனிச் செய்திகள் என்பதை மாணவர்கள் முதலில் கவனிக்க வேண்டும். புகை போகுமா என்பது ஒன்று. விறகு மிச்சமாகுமா என்பது வேறு. எரிவாயுவுக்குப் பதிலாக விறகு கட்டுமா என்பது இன்னொன்று. மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றுக்கொன்று சாட்சி போலத் தோன்றும். தனித்தனியே எடுத்து அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

முதலில் விறகு எப்படி எரிகிறது என்று பார்ப்போம். விறகு அப்படியே எரிவதில்லை. சூடேறும்போது அதன் எடையில் முக்கால் பங்குக்கும் மேலாக ஆவியாகவும் வாயுவாகவும் வெளியே வந்துவிடும், மீதிதான் கரி. நாம் காணும் சுவாலை, அந்த வாயுக்கள் எரிவது. அவை முழுவதும் எரிய மூன்று வசதிகள் தேவை: போதுமான காற்று, ஏறத்தாழ 600° செல்சியஸ் வெப்பம், இரண்டும் கலந்து நிற்கச் சிறிது நேரம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வாயு எரியாமலே நழுவும். குளிர்ந்து நுண்துளிகளாகவும் கரித்துகள்களாகவும் மாறும். அதைத்தான் புகை என்கிறோம். அதாவது, புகை என்பது காசு கொடுத்து வாங்கி எரிக்காமல் விட்ட விறகு. மாமியாரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு உடனே பிடித்துவிட்டது.

ஈர விறகு ஏன் இவ்வளவு புகைகிறது? ஒரு கிலோ விறகில் 300 கிராம் நீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த நீரை 30°யிலிருந்து 100° வரை சூடாக்க 0.3 × 4.2 × 70 = 88 கிலோஜூல். பிறகு ஆவியாக்க 0.3 × 2260 = 678 கிலோஜூல். மொத்தம் 766 கிலோஜூல். உலர்ந்த விறகு ஒரு கிலோ தரும் 16,000 கிலோஜூலோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை அன்று. ஆனால் அந்த வெப்பம் எங்கிருந்து பறிக்கப்படுகிறது என்று பாருங்கள்: சரியாகச் சுவாலை பிடிக்க வேண்டிய இடத்திலிருந்து. அங்கே வெப்பநிலை 600°க்குக் கீழே போனதும் வாயுக்கள் எரிவது நின்றுவிடுகிறது. நீரை ஆவியாக்கச் செலவானது சிறிது. எரியாமல் போனது அதைவிடப் பெரிது. ஐப்பசி மழையில் நனைந்த சவுக்கு மிலாறை எரித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி அடுப்பை அளப்போம். இதற்குத் தேவையானவை ஒரு தராசு, ஒரு வெப்பமானி, மூடியுள்ள பாத்திரம், அவ்வளவே. அக்காள் மகன் பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறவன். அவன் எழுத, நான் அடுப்பெரித்தேன். பாத்திரத்தில் 5 லிட்டர் கிணற்று நீர், 30°. நாகூர் கடல் மட்டத்தில் இருப்பதால் நீர் 100°யில் கொதிக்கும். நீர் ஏற்றுக்கொண்ட வெப்பம்:

5 × 4.2 × 70 = 1470 கிலோஜூல்.

நிறுத்து வைத்த விறகில் 800 கிராம் செலவாயிற்று. கொதி வந்தவுடன் தீயை அணைத்து, மிஞ்சிய கரியை எடுத்து நிறுத்தோம்: 40 கிராம். கரி வீணாகவில்லை, மறுபடி எரிக்கலாம். ஆகவே அதன் வெப்பத்தைக் கழிக்க வேண்டும். கரிக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 30,000 கிலோஜூல் எனக் கொண்டால்,

செலவான வெப்பம் = (0.8 × 16,000) – (0.04 × 30,000) = 12,800 – 1,200 = 11,600 கிலோஜூல்.

பயனுறுதிறன் = 1470 ÷ 11,600 = 0.127.

நூற்றுக்குப் பதின்மூன்று பங்குகூட இல்லை! பாத்திரம் ஏற்ற வெப்பத்தையும், ஆவியாய்ப் போன சிறிது நீரையும் சேர்த்தாலும் கணக்கு அதிகம் மாறாது. மீதி எண்பத்தேழு எங்கே போயிற்று? கொஞ்சம் எரியாமல் புகையாய்ப் போயிற்று. கொஞ்சத்தை மண்சுவர் குடித்தது. கொஞ்சம் கதிர்வீச்சாக எங்கள் முகத்தில் அடித்தது. பெரும்பங்கு, பாத்திரத்தைத் தொட்டும் தொடாமலும் ஓடிய சூடான காற்றோடு போயிற்று.

இங்கே ஒரு வேடிக்கை. பாத்திரம் உட்காரும் மூன்று குமிழ்களையும் அந்த அடுப்பில் இரண்டு அங்குல உயரத்துக்கு வைத்திருந்தார்கள். சுவாலை பக்கவாட்டில் நீண்டு எழுவதைப் பார்த்தால் நன்றாக எரிவதுபோல் கண்ணுக்கு அழகாயிருக்கும். உண்மையில் அது வெப்பத்துக்குத் திறந்துவிட்ட வாசல். இடைவெளி அகலமாயிருந்தால் சூடான வாயு பாத்திரத்தை உரசாமலே வெளியேறும். குறுகலாயிருந்தால் பாத்திரத்தின் அடியோடும் பக்கத்தோடும் ஒட்டிப் பாயும், வெப்பம் கைமாறும். மறுநாள் குமிழ்களைத் தேய்த்துக் குறைத்தோம். பாத்திரத்தைச் சுற்றி, விரற்கடை அளவு இடைவெளி விட்டு, பழைய தகரத்தை வளைத்து ஒரு பாவாடை கட்டினோம். விறகு தரையில் படுத்துக் கிடக்காமல், கீழிருந்து காற்று ஏறும்படி பழைய சன்னல் கம்பிகளைக் குறுக்கே வைத்து ஒரு கிராதி செய்தோம். வெயிலில் நன்றாகக் காய்ந்த சவுக்குச் சுள்ளிகளை ஒரே நேரத்தில் திணிக்காமல் ஒவ்வொன்றாகத் தள்ளினோம். அதே 5 லிட்டர் நீருக்கு 500 கிராம் விறகு. மிஞ்சிய கரி 20 கிராம். பயனுறுதிறன் நூற்றுக்கு இருபது. கணக்கை நீங்களே போட்டுச் சரிபாருங்கள்.

பாத்திரத்தின் அடியில் படிந்த கரியைப் பளபளப்பாகத் தேய்க்க வேண்டாம் என்றும் சொன்னேன். கறுத்த மேற்பரப்பு கதிர்வீச்சை நன்றாக ஏற்கும். தடித்த கரிப்படலம் மட்டும் வெப்பத்தைத் தடுக்கும். அதைச் சுரண்டினால் போதும். அக்காள் மட்டும் இதை ஏற்கவில்லை.

இதுவரை குழாய் வைக்கவேயில்லை என்பதைக் கவனியுங்கள். விறகு 800 கிராமிலிருந்து 500 கிராமாகக் குறைந்தது கிராதியாலும், இடைவெளியைக் குறுக்கியதாலும், உலர்ந்த விறகாலும். அப்படியானால் குழாய் என்ன செய்யும்?

சூடான காற்று குளிர்ந்த காற்றைவிட இலேசானது. 30°யில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை 1.16 கிலோ, 150°யில் 0.83 கிலோ. மூன்று மீட்டர் உயரக் குழாய் நிறைய 150° காற்று நின்றால், அதே உயர வெளிக்காற்றைவிட அது தரும் அழுத்தம் குறைவு. அந்த வேறுபாடு:

(1.16 – 0.83) × 9.8 × 3 = 9.7 பாஸ்கல்.

எவ்வளவு சிறியது தெரியுமா? ஒரு மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தம் 9.8 பாஸ்கல். ஆகவே மூன்று மீட்டர்க் குழாயின் இழுவை முழுவதும் ஒரு மில்லிமீட்டர் நீருக்குச் சமம். இந்த அற்ப அழுத்தந்தான் புகையைத் தூக்கிக்கொண்டு போகிறது. குழாயில் ஒட்டடை அடைத்தாலோ, எதிர்க்காற்று அடித்தாலோ அது தோற்றுப்போவதில் வியப்பில்லை.

ஆனால் தடையில்லாவிட்டால் இதே அற்ப இழுவை அளவுக்கு மீறியும் வேலை செய்யும். உராய்வு எதுவும் இல்லை என்றால் இந்த அழுத்தத்தில் காற்று வினாடிக்கு ஏறக்குறைய 4.8 மீட்டர் வேகத்தில் பாயும். உராய்வும் வளைவும் உண்டு. பாதிக்கும் குறைவாக, 2 மீட்டர் என்றே வைப்போம். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயின் குறுக்குப் பரப்பு 0.00785 சதுரமீட்டர். ஆகவே ஒரு வினாடியில் போகும் காற்றின் எடை 2 × 0.00785 × 0.83 = 0.013 கிலோ. அது வெளிக்காற்றைவிட 120° சூடாக இருக்கிறது. காற்றின் தன்வெப்பம் ஏறத்தாழ ஒரு கிலோஜூல். எனவே வினாடிதோறும் குழாய் வழியே போகும் வெப்பம் ஏறக்குறைய 1.6 கிலோஜூல், அதாவது 1.6 கிலோவாட்.

அடுப்பில் மணிக்கு ஒரு கிலோ விறகு எரிந்தால் கிடைப்பது 16,000 ÷ 3600 = 4.4 கிலோவாட். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வானத்துக்குப் போகிறது! இன்னொரு பக்கம் பாருங்கள். மணிக்கு 0.013 × 3600 = 47 கிலோ காற்று அடுப்பு வழியே இழுக்கப்படுகிறது. ஒரு கிலோ விறகு முழுமையாக எரியத் தேவையான காற்றோ ஆறு கிலோ அளவுதான். மீதிக் காற்று வேலையற்றுப் போய்வந்து, போகும்போது சூட்டைத் திருடிக்கொண்டு போகிறது.

எனவே மாமியாரின் கேள்விக்கு இயற்பியல் தரும் விடை: வெறுங்குழாய் வைத்தால் விறகு குறையாது, கூடவும் செய்யலாம். குழாயில் ஒரு அடைப்புத் தகடு வைத்து, வாயில் பாதிக்கு மேல் மூடி இழுவையைக் கட்டுப்படுத்தினால்தான் நட்டமில்லாமல் தப்பலாம். கொத்தனாரின் திட்டத்தில் தகடு இல்லை.

இந்தப் பாடத்தைக் குளிர்நாட்டார் வேறொரு தேவைக்காகக் கற்றார்கள். உதகையில் பழைய ஆங்கிலேயர் பங்களாக்களில் சுவரோடு சேர்ந்த கணப்பு அடுப்புகளைப் பார்த்திருப்பீர்கள். சுவரில் திறந்த மாடம், மேலே அகன்ற புகைப்போக்கி. எதிரே உட்கார்ந்தவருக்கு முகம் சுடும், முதுகு நடுங்கும். காரணம், நாம் கணக்கிட்ட அதே இழுவை. அறையில் சூடான காற்றையெல்லாம் அந்த மாடம் வெளியே இறைத்துவிட, கதவிடுக்கு வழியே குளிர்காற்று உள்ளே வரும். மின்னலுக்கும் பட்டத்துக்கும் பேர்போன பெஞ்சமின் பிராங்க்ளின் 1740களில் மாடத்துக்குள் வைக்கும் இரும்பு அடுப்பு ஒன்றை வடிவமைத்து, 1744இல் அதைப் பற்றிச் சிறுநூலும் வெளியிட்டார். 1790களில் ரம்போர்டு பிரபு புகைப்போக்கியின் தொண்டையையே குறுக்கினார். பீரங்கியைத் துளையிடும்போது எழும் வெப்பத்தை ஆராய்ந்தவர் என்று உங்கள் வெப்பப் பாடத்தில் வரும் அதே ரம்போர்டுதான். இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய மாடத்துக்குள் கண்ணாடிக் கதவுள்ள இரும்புப் பெட்டியைச் செருகி, காற்று வரும் வழியைத் திருகி அடக்குகிறார்கள். திறந்த மாடத்தில் நூற்றுக்குப் பத்தளவு அறைக்குக் கிடைத்த வெப்பம், நல்ல பெட்டியில் அறுபதுக்கும் மேல் கிடைக்கிறது. நாகூரில் அறையைச் சுடவைக்க யாருக்கும் ஆசை இல்லை. நமக்கு அந்த வெப்பம் பாத்திரத்துக்குப் போக வேண்டும். நோக்கம் வேறு, இழுவையை அடக்க வேண்டும் என்ற விதி மட்டும் ஒன்று.

நம் நாட்டிலும் முயற்சிக்குக் குறைவில்லை. ஐதராபாத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு என்ற பொறியாளர் 1953இலேயே புகையில்லா அடுப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். 1983ஆம் ஆண்டு மத்திய அரசு மேம்படுத்திய அடுப்புகளுக்கென்று தேசியத் திட்டம் தொடங்கியது. 2002இல் அது முடியும்வரை நாடெங்கும் கோடிக்கணக்கான அடுப்புகள் கட்டப்பட்டன. இன்று எத்தனை வீடுகளில் அவற்றைப் பார்க்கிறோம்? ஒடிசா மாநிலக் கிராமங்களில் இப்படிப்பட்ட குழாய் அடுப்புகளைக் கொடுத்து நான்கு ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 2016இல் முழுக் கட்டுரை வெளியானது. முதல் ஆண்டில் பெண்கள் உள்ளிழுத்த புகை குறைந்தது. பிறகு அந்தப் பயன் மறைந்தது. அடுப்பு வெடித்தது, குழாய் அடைத்தது, பழுது பார்ப்பாரில்லை; பழைய அடுப்புக்கே திரும்பினார்கள். ஒரு மில்லிமீட்டர் நீர் அழுத்தத்தில் நடக்கும் இயந்திரத்தை வாரந்தோறும் துடைக்க ஆள் வேண்டும் என்பதைக் கட்டித் தந்தவர்கள் வற்புறுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இனிப் புகை. அந்த வீட்டில் கர்ப்பிணி இருந்ததால் இதை மேலோட்டமாக விட மனம் வரவில்லை. விறகுப் புகையிலுள்ள துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டரைவிடச் சிறியவை; தலைமயிரின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட இராது. மூக்கின் மயிரும் சளியும் அவற்றைத் தடுப்பதில்லை. நுரையீரலின் கடைசி அறை வரை போகும். 2.5 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த துகள்களைத்தான் பி.எம். 2.5 என்று செய்தித்தாளில் படிக்கிறீர்கள். ஒரு நாளின் சராசரி ஒரு கனமீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் தந்த வழிகாட்டி அளவு; நம் நாட்டு நியமம் 60.

இதைப் பற்றிய உலகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று நம் நாகப்பட்டினம் மாவட்டத்திலேயே நடந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரியாதிருக்கலாம். ஹேபின் என்பது அதன் பெயர். குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் விறகு அடுப்பில் சமைக்கும் ஏறத்தாழ 3200 கர்ப்பிணிகள் அதில் சேர்ந்தார்கள். இந்தியாவுக்கான இடங்கள் தமிழ்நாட்டில். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தார் பொறுப்பேற்றார்கள். சீட்டுப் போடுவதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகத் தந்தார்கள். உடம்பில் கருவி மாட்டி அவர்கள் மூச்சிழுக்கும் காற்றை அளந்தார்கள். விறகுப் பிரிவில் நடுமதிப்பு 70.7 மைக்ரோகிராம், எரிவாயுப் பிரிவில் 23.9. மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

குழந்தையின் எடை? எல்லோரும் எதிர்பார்த்தது பெரிய ஏற்றம். 2022இல் வெளிவந்த முடிவு அப்படி இல்லை. எரிவாயுப் பிரிவில் சராசரி 2921 கிராம், விறகுப் பிரிவில் 2898 கிராம். இவ்வளவு சிறிய வேறுபாடு தற்செயலாகவும் வரலாம் என்று புள்ளியியல் சொல்கிறது. நிமோனியாவிலும் தெளிவான குறைவு தெரியவில்லை. இதைக் கேட்டு, புகையால் கெடுதியில்லை என்று முடிவுகட்டக் கூடாது. நுரையீரல், இதயம், கண் ஆகியவற்றை நெடுங்காலப் புகை கெடுப்பதற்கு வேறு சான்றுகள் நிறைய உள்ளன. கர்ப்பத்தின் நடுவில் சில மாதங்கள் புகையைக் குறைத்தால் மட்டும் பிறப்பு எடை கூடிவிடும் என்று உறுதி தர முடியாது என்பதே அந்த ஆய்வு சொன்னது. அக்காளிடம் இதை மறைக்கவில்லை. ஆனால் மருமகள் அறைக்குள் புகை வருவதை நிறுத்த இந்த எண்கள் தேவையில்லை. அவள் இருமியதே போதும்.

சரி, குழாய் வைத்தால் அறைக்குள் புகை வராதா? இங்கேதான் நாகூரின் காற்று குறுக்கே வருகிறது. பகலில் தரை சூடேறி, கடலிலிருந்து கிழக்குக் காற்று வீசும். கொல்லை கிழக்கே இருப்பதால் தாழ்வாரத்துப் புகை வீட்டுக்குள்தான் நுழையும். கொத்தனார் சொன்ன குழாய் தாழ்வாரத்து ஓட்டுக்கு ஓரடி மேலே முடிகிறது. வீட்டின் கூரை முகடோ அதைவிட எட்டடி உயரம். கடற்காற்று அந்தக் கூரைச் சரிவில் மோதிச் சுழலும் இடத்தில் குழாயின் வாய்! நம் 9.7 பாஸ்கல் அந்தச் சுழலோடு போட்டியிட முடியாது. வினாடிக்கு 4 மீட்டர் வீசும் சாதாரணக் காற்றை ஒரு சுவர் தடுத்தாலே, ½ × 1.16 × 16 = 9.3 பாஸ்கல் அழுத்தம் உண்டாகும். புகை திரும்ப அடுப்பு வாயிலேயே வரும், இல்லையேல் ஓட்டு இடுக்கு வழியே அறையில் இறங்கும். குழாய் முகட்டுக்கு மேல் இரண்டடியாவது நிற்க வேண்டும். அவ்வளவு உயரக் குழாயைப் புயல் வீசும் கடற்கரையில் கட்டி நிறுத்துவது வேறு செலவு.

குழாய் விஷயத்தில் இன்னும் மூன்று எச்சரிக்கைகள். அவர் கொண்டுவந்திருந்தது பழைய கல்நார்க் குழாய். முன்பு அடுப்புகளுக்கு அதைத்தான் பயன்படுத்தினார்கள். அதை அறுக்கும்போது எழும் நார்த்தூசி நுரையீரலுக்குக் கொடியது என்பது இப்போது உறுதி. கீற்றுக் கொட்டகை வழியே குழாய் ஏற்றுவோர் கீற்றுக்கும் குழாய்க்கும் இடையே நல்ல இடைவெளி விட வேண்டும். உள்ளே படியும் கீல் என்றாவது தீப்பிடித்தால் குழாய் பழுக்கக் காயும். மூன்றாவது, தணல் கிடக்கும்போது அடைப்புத் தகட்டை முழுக்க மூடக் கூடாது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் அது ஆளையே கொல்லும்.

எஞ்சியது எரிவாயுக் கணக்கு. 14.2 கிலோ உருளையில் கிலோவுக்கு 46 மெகாஜூல் வீதம் ஏறக்குறைய 650 மெகாஜூல். வீட்டு அடுப்பில் நூற்றுக்கு 60 பாத்திரத்துக்குச் சேரும் என்று கொண்டால் 390. எங்கள் பழைய அடுப்பில் ஒரு கிலோ விறகிலிருந்து பாத்திரத்துக்குச் சேருவது 16 × 0.127, அதாவது 2 மெகாஜூல். ஒரு உருளைக்கு ஈடாக ஏறத்தாழ 200 கிலோ விறகு! திருத்திய அடுப்பிலும் 120 கிலோ வேண்டும். உங்கள் ஊர் விறகுக்கடை விலையைக் கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். "மட்டை சும்மாதானே கெடக்கு" என்றார் அத்தான். கொல்லையில் ஆறு தென்னை. மரத்துக்கு மாதம் ஒரு மட்டை விழும். எத்தனை நாளைக்கு வரும் என்று அக்காள் மகன் கணக்குப் போட ஆரம்பித்ததும் அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

முடிவாக அந்த வீட்டில் செய்தது இது. சமையல் எரிவாயுவிலேயே தொடர்கிறது. குழாய் இப்போதைக்கு இல்லை. கல்நார்க் குழாய் திரும்பிப் போயிற்று, கொத்தனாருக்கு என்மேல் வருத்தம். மண்ணடுப்பைத் தாழ்வாரத்திலிருந்து எடுத்து, கிணற்றுக்கு அப்பால், வேலியோரமாக, சன்னலிலிருந்து முப்பதடி தள்ளி, கிராதியோடும் தகரப் பாவாடையோடும் புதிதாகக் கட்டினார்கள். விறகு அடுக்க, தாழ்வாரத்தின் காலியான இடம் உதவியது. வெந்நீர் போடுவது விடியுமுன். அந்நேரம் தரை கடலைவிடக் குளிர்ந்து, காற்று மேற்கிலிருந்து கடலை நோக்கி மெல்ல நகரும். புகை வீட்டைப் பார்க்காமல் கடல் பக்கம் போகும். பிற்பகல் குளியலுக்குப் பித்தளை அண்டாவை முற்றத்து வெயிலில் மூடி வைத்தாலே நீர் வெதுவெதுப்பாகிவிடுகிறது. அதற்கு விறகே வேண்டாம்.

ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கினால் விடியற்காலைத் தரைக்காற்று இராது. வேலியோர அடுப்பு மழையிலும் நனையும். அப்போது அதன்மேல் ஒரு தகரக் கூரை போடுவதா, முகட்டுக்கு மேல் உயரும் இரும்புக் குழாயோடு தாழ்வாரத்துக்கே திரும்புவதா என்பதை இன்னும் தீர்மானிக்கவில்லை. அக்காள் மகன் ஈர விறகில் அதே 5 லிட்டர் சோதனையைச் செய்து எனக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறான். அதுவரை நீங்களும் உங்கள் வீட்டு அடுப்பில் செய்து பார்க்கலாம். பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும்; பாத்திரத்தை மூடியே வையுங்கள்; தொடங்குமுன் விறகை நிறுக்க மறக்காதீர்கள். மறந்தால் முழுவதும் மறுபடி செய்ய வேண்டும். நாங்கள் முதல்நாள் அப்படித்தான் செய்தோம்.